ஊமையான மஞ்சள் வேன்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வேன் ஊமையாகிப் போனதை முதலில் கண்டுபிடித்தவள் ஹெலன். அவள் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால்தான் அதிசயம். காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல், இரண்டாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு வேலையே மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை தேடுவதுதான். டெஸ்டர் என்பார்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். ஜீவனஹள்ளியில் அவள் வீட்டுக்காரர் வைக்கிற சாம்பார்கூட அந்தக் கண்ணுக்குத் தப்பியதில்லை.

அவள் கையிலிருந்த போனில் ஒரு ஸ்கூல் வேன் மேப்பின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் இப்போது எங்கே இருக்கிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப் அது. கம்பெனியின் பிழைப்பே அதை நம்பித்தான். போன புதன்கிழமையிலிருந்து அந்த ஆப் பேசவும் ஆரம்பித்திருந்தது. பிள்ளை ஏறியதும் அம்மாவின் போன், "உங்க பிள்ளை வேன்ல ஏறியாச்சு, கவலைப்படாதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லும். மாவு பிசைகிற கையோடு இருக்கும் அம்மா போனை எடுத்துப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? அவளுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

அதைச் செய்தவள் சங்கமித்ரா. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிற பெண், ஆபீஸிலேயே இளையவள். தமிழிலும் கன்னடத்திலும் பேசுவது அவள் குரலேதான். உருதுக்கு மட்டும் கீழே கல்லாவில் உட்காரும் பேக்கரிக்கார அம்மாளைக் கெஞ்சிக் கூத்தாடிப் பேச வைத்திருந்தாள்.

இன்று மூன்று மணிக்கு ஒரு பள்ளி அறக்கட்டளையிலிருந்து ஆட்கள் வந்து ஆப்பைப் பார்க்கப் போகிறார்கள். அது முடிந்ததும் மித்ராவின் வேலை நிரந்தரமா இல்லையா என்று முதலாளி சொல்லவேண்டும். நிரந்தரமானால் இந்த ஊரிலேயே ஈஜிபுராவில் பார்த்து வைத்திருக்கும் சின்ன வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், விடியுமுன்னே ரயிலுக்கு ஓடுகிற பிழைப்பு ஒழியும் என்று அந்தப் பெண் ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹெலன் மறுபடி தட்டிப் பார்த்தாள். வேன் வந்தது, நின்றது, பிள்ளை ஏறியது. சத்தமே இல்லை. பேசுவதற்கான பொத்தானையே காணோம்.

"இன்னாடா இது, வாயைக் கட்டிட்டாங்களா?" என்று முணுமுணுத்தபடி ரெப்போவைத் திறந்தாள்.

ரெப்போ என்றதும் பயப்படவேண்டாம். எல்லோருக்கும் பொதுவான ஒரு பெட்டகம், அவ்வளவுதான். ஆளாளுக்குத் தன் கணினியில் எழுதுவார்கள், எழுதியதைப் பெட்டகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். யார் சேர்த்தது, எப்போது, எதற்கு என்று பெட்டகம் தானாகவே குறித்துக்கொள்ளும். சேர்த்தது வேண்டாம் என்று தோன்றினால் 'ரிவர்ட்' என்று ஒன்று உண்டு, சேர்த்ததை அப்படியே வெளியே எடுத்துவிடும். எடுத்ததையும் பெட்டகம் குறித்துக்கொள்ளும். அதன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மேலேயே இருந்தது கடைசிக் குறிப்பு. வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து நாற்பது. ரிவர்ட். குரல் சேர்த்தது முழுவதும் வெளியே எடுக்கப்பட்டது. எடுத்தவர் பெயர்: சங்கமித்ரா.

ஹெலன் அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள்.

"ஏனாயித்து ஹெலன்? ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

முதுகுக்குப் பின்னால் முதலாளி ஸ்ரீஹர்ஷா நின்றிருந்தார். தாத்தா, அப்பா எல்லோரும் மைசூர் அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். கோபம் வருவதும் சடுதியில், போவதும் சடுதியில். பத்து வருஷம் முன்பு இந்த ஆப்பின் முதல் வரியை எழுதியவரே அவர்தான். இப்போது எழுதுவதை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிற ஸ்லைடுகளை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்.

திரையில் இருந்ததைப் படித்தார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது.

"அய்யோ தேவ்ரே! இங்கே பாரு, இதைப் பாரு!" சுவரில் இருந்த பெரிய திரையில் தன் ஸ்லைடைப் போட்டார். இடதுபக்கம் 'முன்பு' என்று ஒரு படம், வலதுபக்கம் 'இப்போது' என்று ஒரு படம். இடதில் மாம்பழ மஞ்சளில் ஒரு வேன், பேசும் பொத்தான் கிடையாது. வலதில் அதே மஞ்சள் வேன், பக்கத்தில் பேசும் பொத்தான். "முன்னாடி ஊமை, இப்போ பேசறதுன்னு எவ்வளவு அழகா வெச்சிருக்கேன்! இப்போ வேன் வாயைத் திறக்கலைன்னா நானா நின்னுண்டு டப்பிங் குடுக்கறது?"

அந்த நேரம் பார்த்துத்தான் சங்கமித்ரா படியேறி உள்ளே வந்தாள். பை இன்னும் தோளில். திரையைப் பார்த்தாள், தன் பெயரைப் பார்த்தாள்.

"நான் பண்ணலை சார்."

"பேர் இருக்கேம்மா."

"எப்படின்னு தெரியலை. ஆனா நான் பண்ணலை."

"வேற இடத்துல வேலை கிடைச்சுடுத்தா? சொல்லிட்டுப் போலாமே! போறச்சே எல்லாத்தையும் வழிச்சுண்டுதான் போகணுமா?"

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய சுரங்கத் தொப்பி இருந்தது. ஹெலனின் அப்பா வின்சென்ட் தங்கச் சுரங்கத்தில் போட்டுக்கொண்டு இறங்கிய தொப்பி. ஆபீஸில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: பொதுப் பெட்டகத்தில் கை வைத்து எதையாவது உடைத்தவர், அதைச் சரிசெய்கிற வரைக்கும் அந்தத் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காரவேண்டும். எல்லோரும் கேலி செய்வார்கள், போட்டோ எடுப்பார்கள், உடைத்தவரும் சேர்ந்து சிரிப்பார். அத்தனை பேரும் ஒருமுறையாவது போட்டிருக்கிறார்கள்.

ஸ்ரீஹர்ஷா அதை எடுத்துவந்து மித்ராவின் மேஜையில் 'டொக்' என்று வைத்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மித்ராவின் அப்பா அசோகனும் அதே மாதிரித் தொப்பி போட்டு இறங்கியவர்தான். அந்தப் பெண் அதைத் தொடாமல், தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சாப்பாட்டு வேளைக்குள்ள எனக்கு நேரான பதில் வேணும். இல்லேன்னா டெமோவுக்கு நீ வர வேண்டாம். நாளையிலேர்ந்தும் வேண்டாம்."

ஹெலனுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் தொப்பியைச் சிரிக்கக் கொடுத்தாளே தவிர, யாரையும் அழவைக்கக் கொடுக்கவில்லை.

"சார், பதில நான் குடுக்கறேன். அதுவரைக்கும் யாரும் ரெப்போவுல கை வெக்கக் கூடாது."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர். அதான் பரிஞ்சுண்டு வரே."

"ஒரே ஊருதான் சார். அவ பண்ணியிருந்தா முதல் அறை என் கையால."

*

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மித்ராவை உட்காரவைத்தாள் ஹெலன்.

"அழுவறத அப்பறம் அழு கண்ணு. வெள்ளிக்கெழம எப்ப கெளம்பின?"

"அஞ்சு மணிக்கு அக்கா. டெமோ ஒத்திகை முடிஞ்சதும் ஈஸ்ட் ஸ்டேஷனுக்கு ஓடினேன். எங்க ஊருக்குப் போற மாரிக்குப்பம் வண்டி."

"அஞ்சு நாப்பதுக்கு?"

"வண்டிக்குள்ள. நிக்கவே எடமில்ல."

"லேப்டாப்?"

"பைல இருந்துச்சு. திறக்கவே இல்லை."

"ரயில்ல இருந்துகூடச் செய்யலாமேன்னு கேப்பாரு."

"தெரியும்க்கா." மூக்கை உறிஞ்சினாள். "குரலைத் திரும்பக் கொண்டுவரவும் எனக்குத் தெரியும். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா இப்ப நான் கை வெச்சா, மாட்டிக்கிட்டதும் மறைக்கப் பார்த்தான்னு சொல்லுவாங்க."

ஹெலனுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டியும் கொண்டாள்.

"புத்திசாலி. தொடாத. அத யாரு செய்யணும்னு நான் சொல்றேன்."

அடுத்தது சித்தார்த். மேப்பும் வேனும் அவன் கைவேலை. பொம்மனஹள்ளியிலிருந்து பைக்கில் வருகிறவன், ஹெல்மெட்டில் கலைந்த முடியோடு காபி மெஷினருகே நின்றிருந்தான். குரல் வந்தால் தன் மேப்பை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று போன வாரம் புலம்பியவனும் அவன்தான்.

"சித்து, வெள்ளிக்கெழம சாயங்காலம் எங்க இருந்த?"

"என்ன அக்கா, போலீஸ் மாதிரி! அஞ்சரைக்கு பேட்மிண்டன் போயிட்டேன். கோர்ட்ல எல்லாரும் பார்த்தாங்க."

"வேலை?"

"வியாழக்கிழமை முழுக்க வேனுக்கு பெயிண்ட் அடிச்சேன். அறக்கட்டளை வேனெல்லாம் மஞ்சளாம், நம்ம வேன் ஆரம்பத்துலேர்ந்தே நீலம். எல்லாத்தையும் மஞ்சளாக்கு குருன்னு ஹர்ஷா சார் கழுத்தறுத்தாரு. வெள்ளிக்கிழமை ஒத்திகைல சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"குரலத் திரும்பக் கொண்டுவரப் பாத்தியா?"

"நீங்க தொடாதேன்னு சொல்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். அவ எழுதினதை மறுபடி சேர்னு சொன்னேன். 'எல்லாம் ஏற்கனவே சேர்ந்தாச்சு'ங்குது. ஆனா ஒண்ணும் வரலை. பேய் புகுந்த மாதிரி இருக்கு."

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அவ எழுதினது புதன்கெழமயே சேர்ந்தாச்சு, அதான் உண்மையச் சொல்லுது. போட்டத மறுபடி போட முடியாது. எடுத்துச்சு பாரு ஒண்ணு, அந்த எடுப்பத்தான் எடுக்கணும்."

சித்தார்த் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ரிவர்ட்டையே ரிவர்ட் பண்ணணும்! பதட்டத்துல மறந்தே போச்சு."

மூன்றாவது, முதலாளியின் அக்கா அனந்தலக்ஷ்மி. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து கணக்கும் வாடிக்கையாளர் போனும் பார்ப்பவர். நல்ல மனசு, ஆனால் தெரிந்ததை எந்த நேரத்தில் சொல்லவேண்டும் என்பதுதான் தெரியாது.

"மேடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல யார் யார் இருந்தாங்க?"

"நான் இருந்தேன். ஹர்ஷா இருந்தான், அவன் ரூம்ல. அப்பறம் அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"சங்கமித்ராதான். அஞ்சரைக்கு அப்பறம் மூலைப் பக்கத்துலேர்ந்து அவ குரல் கேட்டுதே. கதவு சாத்தியிருந்தது, என்ன பேசினான்னு புரியலை. பேசறா, நிறுத்தறா, மறுபடி பேசறா. போன்ல யாரையோ சமாதானம் பண்ற மாதிரி. அப்பறம் சட்டுனு நின்னுடுத்து."

ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன் என்றாளே அந்தப் பெண்!

"இதை ஹர்ஷா சார்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இப்பத்தான் சொன்னேன். ஏன், சொல்லக்கூடாதா?"

*

ஹெலன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். மித்ரா பொய் சொன்னாள் என்று நம்ப மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்பது சாட்சியாகாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு டெஸ்டருக்கு அதற்கு மேல் வேதனை கிடையாது.

முதலாளி தன் அறையிலிருந்து கத்தினார்: "சித்து, டெமோவுக்கு மூலை மெஷின் பேடா, வேண்டவே வேண்டாம்! அந்த டப்பா அணையறதுக்கே ஒரு யுகம் ஆறது. உன் லேப்டாப்பையே மாட்டு."

மூலை மெஷின் என்றால் ஜன்னலோரம் இருக்கும் பழைய கணினி. வெள்ளிக்கிழமை ஒத்திகை நடந்ததும் அதில்தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு லேப்டாப் வந்துசேர ஒரு மாதம் இழுக்கும். அதுவரை அவர்கள் உட்கார்வது அங்கேதான். எல்லோரும் அங்கே உட்கார்ந்து பால்குடி மறந்தவர்கள்தான். கடைசியாக உட்கார்ந்தவள் மித்ரா.

ஹெலன் சட்டென்று நிமிர்ந்தாள்.

காலையிலிருந்து அத்தனை பேரும் அந்தக் குறிப்பில் பெயரை மட்டும்தான் பார்த்தார்கள். பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. ஹெலன் இப்போது குறிப்பைத் திறந்து உள்ளே போனாள். பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், ஒரு மெயில் முகவரி. மித்ரா போன வாரம் செய்த ஒவ்வொரு மாற்றத்திலும் அவளுடைய சொந்த முகவரி இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் வேறு முகவரி. சொந்த மெயில் வரும்வரை புதியவர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கிற முகவரி அது.

"அடி என் ராசாத்தி" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள் ஹெலன்.

எழுந்து நேராக மித்ராவிடம் போனாள். "கண்ணு, உன் போன்ல ஆப்பை இன்னிக்கு அப்டேட் பண்ணியா?"

"இல்லக்கா. வெள்ளிக்கிழமை போட்டதுதான்."

"அப்ப அதுல இன்னும் பேசும். போன இங்க குடு. நீ லக்ஷ்மி மேடம் ரூமுக்குள்ள போயி, அவங்க நாற்காலிக்குப் பின்னாடி நில்லு. ஒண்ணும் பேசாத."

மித்ரா போனாள். ஹெலன் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். மூலை மெஷினருகே நின்று போனைத் தட்டினாள், நிறுத்தினாள், மறுபடி தட்டினாள்.

உள்ளே அனந்தலக்ஷ்மி துள்ளி எழுந்தார். "இதோ! இதே குரல்தான்! அன்னிக்கும் இப்படித்தான், அதே மூலை..." கதவைத் திறக்கப் போனவர் திரும்பினார். பின்னால் மித்ரா வாய்மூடி நின்றிருந்தாள். "நீ இங்கே இருக்கியே! அப்போ அங்கே பேசறது யாரு?"

*

ஒன்றரை மணிக்கு எல்லோரையும் சுவர்த் திரையின் முன்னால் உட்காரவைத்தாள் ஹெலன். மித்ரா, சித்தார்த், அனந்தலக்ஷ்மி, ஸ்ரீஹர்ஷா. ஹெலன் மட்டும் நின்றாள். தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பேரு சங்கமித்ரா. ஆனா செஞ்சது அவ இல்ல. பெட்டகத்துக்குக் கண்ணு கெடையாது. கீபோர்டுல யாரு கையின்னு அதுக்குத் தெரியாது. அந்த மெஷின்ல யாரு பேர எழுதி வெச்சிருக்கோமோ, அதத்தான் குறிச்சுக்கும். மூலை மெஷின்ல கடைசியா உக்காந்தது மித்ரா. அவ பேரையும் புதுசா வந்தவங்க மெயிலையும் யாரும் மாத்தலை. அந்த மெயில்தான் இந்தக் குறிப்புல இருக்கு. வெள்ளிக்கெழம அஞ்சு நாப்பதுக்கு யாரு அங்க உக்காந்து ரிவர்ட் பண்ணியிருந்தாலும், பேரு மித்ரான்னுதான் விழும்."

"அப்போ நான் கேட்ட குரல்?" என்றார் அனந்தலக்ஷ்மி.

"ஆப்போட குரல் மேடம். யாரோ அங்க உக்காந்து அதத் திரும்பத் திரும்பப் பேசவிட்டுப் பாத்திருக்காங்க. அப்பறம் குரல வெளிய எடுத்ததும் சட்டுனு நின்னுது."

ஸ்ரீஹர்ஷா மேஜையைத் தட்டினார். "யாரு? பேரைச் சொல்லு! ஒரு சின்னப் பொண்ணு பேருல பழியைப் போட்டுட்டு... அவனை நான் சும்மா விடமாட்டேன்."

ஹெலன் அவர் பக்கம் திரும்பினாள். கோபப்பட்டிருந்தவளுக்கு இப்போது அவர்மேல் பாசம்தான் பொங்கியது. பாவம் மனுஷன்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். மூலை மெஷின் அணைய ஒரு யுகம் ஆகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? காலைல சொன்னீங்களே."

"ஏன், வெள்ளிக்கிழமை நான்தானே அதை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"சித்து, அது அணைய ஏன் லேட் ஆவுது? சொல்லு."

சித்தார்த்துக்கு முகம் வெளுத்தது. "நான்தான்க்கா அப்படி வெச்சேன். புதுசா வர்ற பசங்க எழுதினதை ரெப்போவுக்கு அனுப்ப மறந்துட்டு ரயிலுக்கு ஓடிடறாங்க. ஆனா மெஷினை அணைக்க மட்டும் மறக்கறதில்லை. அதனால அணையறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கறதை எல்லாம் அதுவே பெட்டகத்துக்கு அனுப்பிட்டுத்தான் அணையும்."

"இது எனக்கு யாரும் சொல்லலையே!" என்றார் ஸ்ரீஹர்ஷா. குரல் பாதியாகிவிட்டது.

"உங்க ஸ்லைடப் போடுங்க சார். 'முன்பு', 'இப்போது'."

படம் சுவரில் விழுந்தது.

"இடதுபக்கம் 'முன்பு'. குரல் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஆப் எப்படி இருந்துச்சுன்னு காட்டுது. குரல் வந்தது புதன்கெழம. சித்து, வேனுக்கு நீ மஞ்சள் அடிச்சது எப்போ?"

"வியாழக்கிழமை" என்றான் சித்தார்த். சொல்லும்போதே அவனுக்கும் விளங்கிவிட்டது. "அக்கா! 'முன்பு' படத்துல வேன் நீலமா இல்ல இருக்கணும்?"

"அதான் கண்ணு. குரல் இல்லாத மஞ்சள் வேன் இந்த ஆபீஸ்ல எந்த நாளும் இருந்ததே கெடையாது. வியாழக்கெழமைக்கு அப்பறம் யாரோ குரல மட்டும் வெளிய எடுத்தாத்தான் இப்படி ஒரு படம் பிடிக்க முடியும். படம் பிடிச்சவங்க யாரு? ஸ்லைடு பண்றது யாரு?"

கீழே பேக்கரியில் யாரோ பன் பட்டர் கேட்கும் சத்தம் மேலேவரை வந்தது.

"நான்தான்" என்றார் ஸ்ரீஹர்ஷா. "அய்யோ, நான்தான்."

மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர் மாதிரி மனுஷன் காலையிலிருந்து திருடனைத் தேடியிருக்கிறார். யாராவது தன்னைத்தானே சந்தேகப்படுவார்களா?

"ஒத்திகை முடிஞ்சு எல்லாரும் போனப்பறம் அந்தக் குரலைப் போட்டுப் போட்டுக் கேட்டுண்டிருந்தேன். அவ்வளவு நன்னா இருந்தது. இந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடி இது எவ்வளவு சப்புன்னு இருந்ததுன்னு அந்த அறக்கட்டளைக்காராளுக்குக் காட்டணும், அப்போத்தான் இவ செஞ்சதோட மதிப்புத் தெரியும்னு தோணித்து. பழைய படம் என்கிட்ட இல்லை. ரிவர்ட்னு ஒரு பட்டன் இருந்தது, அழுத்தினேன். படம் பிடிச்சேன். மெஷினை அணைச்சுட்டேன். என் காலத்துல அந்த மெஷின்ல பண்றது அந்த மெஷினோடயே போயிடும். காலம்பற அவ பேரைப் பார்த்ததும்..." அவர் மித்ராவின் பக்கம் திரும்பினார். "உன்னைப் பத்திப் பெருமையாச் சொல்றதுக்குப் போய், உன் தலையிலயே கல்லைத் தூக்கிப் போட்டுட்டேனேம்மா. என்னை மன்னிச்சுடு."

மித்ராவுக்குக் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை இப்போதுதான் வந்தது, கூடவே சிரிப்பும்.

ஸ்ரீஹர்ஷா எழுந்தார். "சித்து, அந்தக் குறிப்பையே அழிச்சுடு. நடந்த மாதிரியே தெரியக்கூடாது. இவ பேரு அதுல இருக்கவே வேண்டாம். ஃபோர்ஸ் பண்ணினா அழிஞ்சுடுமோன்னோ?"

"அழியும் சார். ஆனா ஹெலன் அக்கா கம்ப்யூட்டர்லயும் என்னோடதுலயும் அந்தக் குறிப்போட நகல் வந்தாச்சு. பொது எடத்துல இருக்கறதை ஒருத்தர் மட்டும் அழிச்சா, மத்தவங்க அடுத்த தடவை சேர்க்கறப்ப எல்லாம் குழம்பிடும்."

"என்னைக் கேட்டா அழிக்க வேண்டாம் சார்" என்றாள் மித்ரா. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குக் காலைல எல்லாரும் பார்த்தாச்சு. அழிச்சுட்டா, நான் பண்ணினேனா இல்லையாங்கற சந்தேகம் மட்டும் எங்கயாவது ஒட்டிக்கிட்டே இருக்கும். அது அங்கயே கிடக்கட்டும். அதுக்கு மேல பதில் எழுதுங்க. எடுத்தது யாரு, திரும்ப வெச்சது யாருன்னு அதுல இருக்கட்டும்."

ஹெலன் மூலை மெஷினின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சார். முதல்ல அந்த மெஷின்ல இருக்கற பேர மாத்துங்க."

ஸ்ரீஹர்ஷா உட்கார்ந்தார். மித்ராவின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைத் தட்டினார். ரொம்ப நாளாகக் கீபோர்டு தொடாத விரல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தது. மித்ரா பக்கத்தில் நின்று எதை அழுத்தவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். காரணம் எழுதும் இடம் வந்ததும் அவர் யாரையும் கேட்கவில்லை. தானே எழுதினார்: 'வெள்ளிக்கிழமை குரலை எடுத்தவன் நான், சங்கமித்ரா இல்லை. திரும்ப வைக்கிறேன்.'

சித்தார்த் தன் போனில் ஆப்பைப் புதுப்பித்துத் தட்டினான். மஞ்சள் வேன் வந்து நின்றது.

"உங்க பிள்ளை வேன்ல ஏறியாச்சு, கவலைப்படாதீங்க" என்றது.

அனந்தலக்ஷ்மிதான் முதலில் கைதட்டினார். ஹெலன் தொப்பியை அலமாரியில் வைக்கப் போனாள். ஸ்ரீஹர்ஷா கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"சரி பண்ணியாச்சே சார், இனிமே எதுக்கு?"

"காலம்பறலேர்ந்து அவ மேஜைமேல இருந்தது இல்லையா? அத்தனை நேரம் என் தலைமேல இருக்கட்டும்."

மூன்று மணிக்கு அறக்கட்டளையிலிருந்து வந்த அம்மாள், சுரங்கத் தொப்பி போட்டுக்கொண்டு வரவேற்ற முதலாளியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது என்ன வேஷம்?"

"வேஷமில்லை மேடம், ஆபீஸ் வழக்கம். பொதுவில் இருக்கறதை உடைச்சவன் இதைப் போட்டுக்கணும். இன்னிக்கு உடைச்சவன் நான்." நகர்ந்து வழிவிட்டார். "செஞ்சது இவ. பேரு சங்கமித்ரா. எங்க ஆபீஸ்ல நிரந்தரம். இவளே காட்டுவா."

நிரந்தரம் என்று அவர் சொன்னது மித்ராவின் காதில் விழுந்து உள்ளே இறங்க ஒரு நிமிஷம் பிடித்தது. ஹெலன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அப்புறம்தான் அவள் முன்னால் போனாள்.

அந்த அம்மாள் வேன் பேசுவதை மூன்று மொழியிலும் கேட்டார். தமிழை மட்டும் இன்னொரு தடவை போடச்சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து எல்லா வேனிலும் போட்டுவிடலாம் என்றார். அவர் கிளம்பும்வரை ஸ்ரீஹர்ஷா தொப்பியைக் கழற்றவில்லை.

சாயங்காலம் ஹெலனும் மித்ராவும் ஈஸ்ட் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள். மித்ரா வழியெல்லாம் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தாள். ஈஜிபுரா வீட்டுக்காரர்களுக்கு உடனே சொல்லிவிடும்படி மூன்று தடவை சொன்னாள். தொப்பிக் கதையை மட்டும் வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று சஸ்பென்ஸ் வைத்தாள். ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும், "சரிம்மா, உன் பிள்ளை வண்டி ஏறப்போறா, கவலைப்படாதே" என்றாள்.

"இதையும் அதே ராகத்துல சொல்றா பாரு" என்று ஹெலன் அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். "போன வெச்சுட்டு ஓடுடி, வண்டி வந்துடப் போவுது."